கொத்திய ஈரல் விஷயமாகச் சம்பந்திக்கு

என் மகளுக்கு மாமனாரும், என் மாப்பிள்ளையைப் பெற்றவரும், யாரும் கேட்காமலே எங்கள் குடும்பத்துக்கு வாய்த்த ஆரோக்கிய ஆலோசகருமான மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

பணிவான வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி சௌக்கியம். ஜன்னலோரத் தொட்டிச்செடி சௌக்கியம். என் வலது கால் கட்டைவிரலைத் தவிர மற்ற அவயவங்கள் அனைத்தும் தங்கள் அன்பால் சௌக்கியம். அந்தக் கட்டைவிரலும் தங்கள் அன்பால்தான் இந்தக் கதிக்கு வந்தது என்பதை விவரமாகத் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். முயன்று பார்த்தேன். நான் "ஹலோ" என்று சொன்னால் தாங்கள் "இரும்புச் சத்து" என்று ஆரம்பிக்கிறீர்கள். அப்புறம் எனக்கு "ம்" கொட்டுவதற்குக்கூட இடைவெளி கிடைப்பதில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க ரயில் நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவன் நான். அந்தக் காலத்தில் என் பேச்சில் குறுக்கே விழுந்து ஒரு ஜீவன் பேசியதில்லை. ஒலிபெருக்கியை எதிர்த்து எவனால் பேச முடியும்? ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில், படிக்கட்டில், கடைவீதியில் என் குரல் குறையவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். சிலர் வருத்தத்தோடு சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்டவன் தங்களிடம் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிப் போகிறேன். பெண்ணைக் கொடுத்தவன் என்ற மரியாதையும் ஒரு காரணம். ஆகவே கடிதம் எழுதுகிறேன். இதில் நான் பேச, தாங்கள் கேட்டே ஆக வேண்டும். நடுவில் இருமக்கூட வசதி கிடையாது.

விஷயம் எங்கே தொடங்கியது என்றால், எங்கள் வீட்டுப் படிக்கட்டில். மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது என்பது தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதே தங்களுக்குத் தெரியும். இறங்கிப் போகும்வரை அதைப் பற்றித்தான் பேசினீர்கள். என் மனைவி திரைச்சீலை தைக்கும் தையற்கூடத்துக்குப் போய்வருகிறவள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அவள் பெறவில்லை. கேட்டால், "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்டுல இருந்தா வீடு தாங்காது" என்பாள். ஒரு நாள் சாயங்காலம் கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது, ஆனால் ஆள் மேலே வரவில்லை. நான் மேலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று குரல் கொடுத்தேன். "மேல இருந்து கூவாதீங்க. வரும்போது வரும்" என்று பதில் வந்தது. பதில் வந்த விதம்தான் சரியில்லை. பாதியில் காற்றுப் போன மாதிரி இருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால், இரண்டாம் மாடித் திருப்பத்தில், காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். உதடு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்ல, படி கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்றாள். சம்பந்தி, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் படிகளின் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் ஈரக்குலை நடுங்கிவிட்டது. இந்தக் கடிதம் முழுக்க ஈரலைப் பற்றியதுதான் என்றாலும், முதன்முதலில் சம்பந்தப்பட்டது என்னுடைய ஈரல் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

டாக்டரம்மாவிடம் காட்டினோம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரும்புச் சத்து மிகவும் குறைவு, வேறு பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை எழுதித் தருகிறேன், விடாமல் சாப்பிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கள் தொலைபேசி வந்துவிட்டது. மகள் மூலம் மாப்பிள்ளைக்கும், மாப்பிள்ளை மூலம் தங்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்த வேகத்தில் எங்கள் ரயில்கள் ஓடியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் மன்னிப்புக் கேட்கும் வேலையே இருந்திருக்காது. அன்று தாங்கள் பேசியது இன்னும் காதில் நிற்கிறது. "சம்பந்தி, மாத்திரை கீத்திரை எல்லாம் இருக்கட்டும். கோழி ஈரல்! அதுல இல்லாத சத்தே கிடையாது. இரும்பு இருக்கு, ஏ வைட்டமின் இருக்கு, பி பன்னிரண்டு இருக்கு, ஃபோலிக் இருக்கு, புரதம் இருக்கு. கீரையில இருக்கற இரும்பு உள்ள போய் யோசிச்சிட்டு நிக்கும். ஈரல்ல இருக்கறது நேரா ரத்தத்துல போய் சீட்டைப் போட்டு உக்காந்துக்கும். ஆனா கொத்தணும். பொடிப்பொடியா கொத்தணும். கொத்தக் கொத்தத்தான் சத்து வெளிய வரும்." கொத்தினால் இல்லாத சத்து எங்கிருந்து வரும் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் தாங்கள் துத்தநாகத்துக்குப் போய்விட்டீர்கள்.

பக்கத்தில் இருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அண்ணன் சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா எனக்கு ஈரல் வாசனையே ஆகாது. அதுவும் நீங்க சமைச்சா, சாப்பிடறதுக்கு முன்னாடியே ஆம்புலன்ஸ் கூப்பிடணும்" என்றாள். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டாள். இரண்டொரு நாளில் மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்றும் முனகினாள். எனக்குப் பொறுக்கவில்லை. வெந்நீர் வைப்பதைத் தவிர அடுப்போடு வேறெந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளாத நான், பையை எடுத்துக்கொண்டு கோழிக் கடைக்குக் கிளம்பினேன்.

கடையில் நல்ல கூட்டம். "கோழி ஈரல் இருக்கிறதா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும், எதிர்ச்சாரியில் போய்க்கொண்டிருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர், "இருக்கு சார், இருக்கு. மெதுவாவே கேக்கலாம். எதுக்கு, பூனைக்கா?" என்றார். "என் மனைவிக்கு" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்து, "வீட்டுல அம்மாவுக்கா? அப்போ சுத்தம் பண்ணித் தர்றேன். பித்தப்பை ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை எடுக்கலைன்னா கசந்துடும்" என்றார். நான் தங்கள் உபதேசத்தில் ஊறியிருந்த நேரம். "ஒன்றையும் எடுக்க வேண்டாம். சத்து வீணாகக் கூடாது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டார்.

அன்று நான் ஆக்கியதை என் மனைவி ஒரு வாய் வைத்தாள். முகம் போன போக்கைப் பார்த்து, சும்மா பிகு பண்ணுகிறாள் என்று நானும் ஒரு வாய் வைத்தேன். பித்தம் தலைக்கேறுவது என்பார்களே, அது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை சம்பந்தி. அது நாக்கில் தொடங்கி, மூக்கு வழியாக மேலே போய், நேராக உச்சந்தலையில் உட்காருகிறது. ஆனாலும் அத்தனை சத்தையும் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நானே சாப்பிட்டு முடித்தேன். இதுதான் முதல் தவறு. அடுத்த தடவை கடைக்காரர் சொன்னபடி சுத்தம் செய்து வாங்கி, எண்ணெயில் போட்டேன். ஈரல் வெடிக்கும் என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்டாசு மாதிரி வெடித்து, ஒரு துண்டு மேற்கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று என் மூக்குக் கண்ணாடியில். அவள் வாசலில் நின்றபடி, "உயிரோட இருந்தப்ப பறக்காத கோழி இப்ப பறக்குது பாருங்க" என்றாள். வெடித்ததில் மிஞ்சியதையும் நானே சாப்பிட்டேன்.

சரி, வெடிக்காமல் இருக்க வேகவைத்துவிட்டுக் கொத்துவோம் என்று முடிவு செய்தேன். இரண்டு கையிலும் இரண்டு கத்தி பிடித்துப் பலகையில் கொத்தினேன். தாங்கள் பொடிப்பொடியாக என்று சொன்னதால் விடாமல் கொத்தினேன். காலை வேளை. கீழ் வீட்டம்மா ஏறி வந்து, "கட்டில் ஏதாவது செய்யறீங்களா?" என்று கேட்டார். "இல்லை, ஈரல் கொத்துகிறேன்" என்றேன். "யாரோட ஈரலை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டார். அப்படிக் கொத்தியதை ஆம்லெட்டுக்குள் மறைத்து வைத்தேன். என் மனைவி முள்கரண்டியால் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "இந்த ஆம்லெட்டுக்கு உடம்பெல்லாம் மச்சமா இருக்கே" என்று தட்டைத் தள்ளினாள். உருளைக்கிழங்கை மசித்து அதில் கலந்தேன். "உருளைக்கிழங்கு ஏன் இவ்வளவு துக்கமா இருக்கு?" என்று தள்ளினாள். சூப்பில் கலந்தேன். ரொட்டியில் தடவி மேலே தக்காளி வைத்து மூடினேன். ஒவ்வொன்றையும் துப்பறியும் இலாகாவைப் போலக் கண்டுபிடித்தாள். அவள் தள்ளியதை எல்லாம் நான் இழுத்து வைத்துச் சாப்பிட்டேன். சத்து வீணாகக் கூடாதே.

ரொட்டி விவகாரத்தில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. எப்போதும் கிண்டலோடு நிறுத்திக்கொள்கிறவள், அன்று தக்காளித் துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள். "நான் என்ன சரக்கு மூட்டையா, உங்க இஷ்டத்துக்கு ஏத்தி அனுப்பறதுக்கு? ரத்தம்தானே கம்மி எனக்கு, புத்தியா கம்மி? என் தட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியவேண்டாமா?" சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அந்தத் திருப்பத்தில் நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை, நீ வேலைக்குப் போய்வரும்வரை தெருக்கதவுச் சத்தத்துக்கே காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தொண்டையிலிருந்து வந்தது, "அதில் பி பன்னிரண்டு இருக்கிறது" என்பதுதான். அதுவும் சற்று உரக்க. அவள் என் முகத்தையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, "சரி. டப்பாவுல போட்டுக் குடுங்க. தையக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போறேன். மத்தியானம் பாத்துக்கறேன்" என்றாள்.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னவென்று எழுதுவேன். மறுநாள் முதல் கொத்து, டப்பா, அனுப்பு. சாயங்காலம் டப்பா கழுவித் துடைத்துச் சுத்தமாகத் திரும்பி வரும். நான் படிக்கட்டில் நின்று கீழ் வீட்டம்மாவுக்கு, "என் மனைவி ஈரல் சாப்பிடத் தொடங்கிவிட்டார்!" என்று தெரிவித்தேன். மேலே காயப்போட்ட துணியை எடுக்க வந்தவர்களுக்கும் தெரிந்தது. கோழிக் கடை வரிசைக்கும் தெரிந்தது. அந்த வாரமே யாரோ ஒருவர் அவளைத் தெருவில் நிறுத்தி, "ஈரல் எப்படி இருக்கு?" என்று விசாரித்தாராம். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "நான் சாப்பிடறேன்னு உங்ககிட்ட யார் சொன்னது? பாத்துக்கறேன்னுதானே சொன்னேன்?" என்றாள். பையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாத்துக்கறேன் என்றால் என்ன அர்த்தம்? யோசிக்க யோசிக்க எனக்குத் தலை சுற்றியது. ஒரு மத்தியானம் மெதுவாக நடந்து அவள் தையற்கூடத்துக்கே போனேன். வாசலில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு நாய். சம்பந்தி, நான் எத்தனையோ நடைமேடை நாய்களைப் பார்த்தவன். இப்படி ஒரு நாயைப் பார்த்ததில்லை. அதன் ரோமத்தில் என் முகம் தெரிந்தது. கண்ணில் அப்படி ஒரு ஒளி. ஏ வைட்டமின் இல்லாமல் அந்த ஒளி வராது என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். "இந்த நாய்க்கு யார் சாப்பாடு போடறது?" என்று விசாரித்தேன். "தையக்கார அம்மாங்கதான் சார். மத்தியானம் டப்பாவைத் திறந்தா இது கரெக்டா கதவுகிட்ட போய் நின்னுக்கும்" என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே போகாமல் திரும்பி வந்தேன். சாயங்காலம் அவளிடம், "நாய் நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அவள், "எந்த நாய்?" என்றாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஓ, சரி, அப்படியே வச்சுக்குங்க. ஆனா கொத்தறதை நிறுத்திடாதீங்க" என்றாள். நாயும் வாயில்லா ஜீவன்தானே, போகட்டும் என்று தொடர்ந்து கொத்தினேன். கொத்தியதில் நாய்க்குப் போக மீதியை, மனவருத்தத்தில், நான் வாணலியோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போது கட்டைவிரலுக்கு வருகிறேன். ஒரு நாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிக் கீழே இறங்கிவிட்டாள். நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கலாம் என்று வலது காலைக் கீழே வைத்தேன். வைத்தேன் என்று எழுதுகிறேனே தவிர, தரை விரலைத் தொட்டதும் உயிர் கபாலம் வரை போய்த் திரும்பியது. குனிந்து பார்த்தால் கட்டைவிரல் பழுத்த தக்காளி போல வீங்கிச் சிவந்து நிற்கிறது. போர்வை நுனி பட்டாலும் நெருப்பு. நான் "ஐயோ" என்றேன். எத்தனையோ வருஷம் கூரை போட்ட பெரிய நிலையத்தில் பழகிய குரல். கீழ் வீட்டம்மா கையிலிருந்து எதையோ போட்டு உடைத்த சத்தம் கேட்டது. தெருவில் வண்டிகள் நின்றன. அடுத்து, படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். தெருமுனைவரை போயிருந்தவள் பையோடு ஓடி வந்து கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். "என்ன ஆச்சு? என்னங்க ஆச்சு? நெஞ்சா? கையைக் காட்டுங்க!" என்று ஒரே மூச்சில் கேட்கிறாள்.

ஒரே மூச்சில், சம்பந்தி. நான் விரலை மறந்துவிட்டேன். மூன்று மாடியை ஓடி ஏறி வந்தவள் சுவரைப் பிடிக்கவில்லை, உட்காரவில்லை, உதடு வெளுக்கவில்லை. கன்னம் இரண்டும் நல்ல நிறமாக இருந்தது. "உனக்கு மூச்சு வாங்கலையே!" என்றேன். "நீங்க உயிர் போற மாதிரி கத்தினீங்க, நான் நின்னு மூச்சு வாங்கிட்டிருக்க முடியுமா?" என்று அதட்டினாள். அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள், நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள், மெல்ல என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். உட்காரும்போது என் விரலில் இடித்துவிட்டாள். நான் மறுபடி கத்தினேன். ஆனால் அந்தக் கத்தலில் பாதி சந்தோஷம்.

டாக்டரம்மா இருவர் இரத்தத்தையும் சோதித்தார். என் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "யூரிக் ஆசிட் ஏகத்துக்கு ஏறியிருக்கே, அதான் விரல் இப்படி வீங்கியிருக்கு. ஐயா, ஈரல் கீரல் நிறைய சாப்பிடறீங்களா?" என்றார். "ஏதோ, அப்பப்போ" என்றேன். "ஒரு கோழிப்பண்ணையே உள்ள இருக்கு டாக்டர்" என்றாள் என் மனைவி. "இனிமே நீங்க ஈரலைத் தொடவே கூடாது. உங்க உடம்புக்கு அது ஆகாது" என்று எனக்கு உத்தரவு போட்டார். கொத்தினால் சத்து கூடுமா என்றும் கேட்டேன். "கை வலி கூடும்" என்றார். பிறகு என் மனைவியின் காகிதத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, "அம்மா, ரத்தம் அருமையா ஏறியிருக்கு. இப்ப பண்ணிட்டிருக்கறதையே தொடருங்க" என்றார். டாக்டரம்மாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மாத்திரையின் மகிமை!

ஆக, நிலவரம் என்னவென்று தாங்களே பாருங்கள். ஈரலைத் தொடாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிய என் மனைவி மூன்று மாடி ஓடி ஏறுகிறாள். ஈரலைத் தின்ற நான் மோடாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போர்வை நுனிக்குப் பயந்து கிடக்கிறேன். பலன் பெற்றது ஒரு நாய். இதுதான் தங்கள் ஊட்டச்சத்தின் லட்சணம். இரும்பாம், துத்தநாகமாம்! சொன்னவர்கள் வாய்க்கு வலிக்கவில்லை, தின்றவன் விரல்தான் வலிக்கிறது. தாங்கள் இப்போது முட்டை ஓட்டைப் பொடி செய்து பாலில் கலந்து குடிக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லிவருவதாகவும் மகள் தெரிவித்தாள். என் மகள் இருக்கும் வீடு அது என்பதை மனத்தில் கொண்டு அந்த ஓட்டைக் குப்பையிலேயே விட்டுவைக்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இனி தங்கள் வாயிலிருந்து ஈரல் என்ற சொல் வந்தால், மரியாதைக்குரிய சம்பந்தி என்றும் பாராமல் தொலைபேசியைக் கீழே வைத்துவிடுவேன் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். எழுத்தில் கொஞ்சம் சூடு தெரிந்தால் அது விரலின் சூடு, பொறுத்தருள்க.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பும் ஆசியும் என்றும் உண்டு. அவர்கள் பல்லாண்டு, தங்கள் யோசனைகளையும் தாண்டி, நோய் நொடியின்றி வாழட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும் ஆழ்ந்த அனுதாபத்தையும் சொல்லவும். தங்கள் நாவுக்கு ஓய்வும் என் காலுக்கு நடையும் விரைவில் கிட்டட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளைப் பெற்றவனும், தற்சமயம் ஒற்றைக் காலில் நிற்பவனுமாகிய,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடும் முன் இக்கடிதத்தை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தேன். உரக்கப் படிக்காமல் எதையும் வெளியே அனுப்புவது என் தொழிலில் வழக்கமில்லை. என் மனைவி எதிரே உட்கார்ந்து ஒரு திரைச்சீலைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். கோழிக் கடை வரும்வரை புன்னகைத்தாள். நாய் வந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "மாத்திரையின் மகிமை" என்று நான் படித்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, மூச்சுத் திணறினாள். எனக்கே பயம் பிடித்துவிட்டது.

"அந்த மாத்திரையை நான் முதல் வாரத்தோட விட்டாச்சுங்க" என்றாள்.

"விட்டாச்சா?"

"வயித்தைப் புரட்டுதுன்னு சொன்னேன்ல? தனியாப் போய் டாக்டரம்மாகிட்ட சொன்னேன். நீங்க கொத்தற கதையையும் சொன்னேன். சிரிச்சிட்டு, 'அப்போ மாத்திரையை நிறுத்திட்டு, வாரத்துல ரெண்டு மூணு நாள் அந்த ஈரலையே சாப்பிடுங்க, ரத்தத்தைப் பாத்துட்டு மேல சொல்றேன்'ன்னாங்க. மத்த நாள் டப்பாவை மத்தவங்க காலி பண்ணிடுவாங்க. எங்க கூடத்துல துணி வெட்டற கட்டிங் அக்கா அதுல வதக்கின வெங்காயம், மிளகு, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டு, நீங்க பண்ண பாவத்தையெல்லாம் கழுவி, ரொட்டியில வச்சுக் கொடுப்பாங்க. நல்லாவே இருக்கும்."

"அப்போ அந்த நாய்?"

"அதுக்கு ரொட்டி ஓரம்தான். அது பொறந்ததுல இருந்தே அப்படித்தான் பளபளன்னு இருக்கு."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "சொன்னா? எனக்கு உடம்பு சரியில்லைங்கறதை மூணு மாடிக்கும் கோழிக் கடைக்கும் நீங்க சொல்லிட்டீங்க. சரியாகிட்டு வர்றதையாவது கொஞ்ச நாள் எனக்கே எனக்குன்னு வச்சுக்கலாம்னு பாத்தேன்" என்றாள். திரும்பவும் ஊசியைக் கையில் எடுத்தவள், தலை நிமிராமலே, "அன்னைக்கு ரொட்டியைத் தள்ளினப்ப உங்க முகத்தைப் பாத்தேன். என்னைவிட வெளுத்திருந்துச்சு. அதனாலதான் டப்பாவுல போட்டுக் குடுங்கன்னேன். இல்லன்னா நானாவது, ஈரலாவது" என்றாள்.

ஆகவே சம்பந்தி, மேலே நான் எழுதிய அனைத்தும் ரத்து. தாங்கள் சொன்ன இரும்பு, சொன்ன இடத்தில், சொன்னபடியே போய் உட்கார்ந்திருக்கிறது. என் மனைவியைத் திரும்பப் படியேற வைத்தது தங்கள் வாய்தான். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், கோபத்தில் எழுதிய மாதிரி நன்றியில் எழுத வரவில்லை. நாலு வரியோடு நின்றுவிடுகிறது. அதனால் இதையே அனுப்புகிறேன். தாங்கள் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி இங்கேயே நிறுத்திக்கொள்ளவும். முட்டை ஓட்டைப் பற்றி நான் சொன்னது மட்டும் அப்படியே இருக்கட்டும்.

சற்று முன் அவள் சமையலறையில் தானே வதக்கி, தட்டை எடுத்துவந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து முதன்முதலாக என் கண்முன் சாப்பிட்டாள். எனக்கு ஒரு துணுக்குக்கூடத் தரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் தட்டைக் கழுவப் போயிருக்கும் இடைவெளியில்தான் இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னாள், சரியென்று தலையாட்டிவிட்டேன். ஆகவே தாங்கள் இதைப் படித்ததும் தயவுசெய்து இங்கே தொலைபேசி செய்து அவளை விசாரிக்க வேண்டாம். யாரிடமும் சொல்வதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.